குவாண்டம் புள்ளிகள்: அளவு மாறினால் நிறம் மாறும் படிகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இந்தப் புள்ளிகளைச் சமைத்துப் பழகியவன் நான். ஆய்வகத்தில் நாங்கள் 'சமைப்பது' என்றுதான் சொல்வோம். டிவி வாங்கப் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குவாண்டம் புள்ளி என்றால் என்ன?

குறைக்கடத்திப் பொருளின் (மின்சாரத்தை உலோகம்போல நன்றாகவும் கடத்தாத, கண்ணாடிபோல அடியோடு தடுக்கவும் செய்யாத பொருள்) மிகமிகச் சிறிய படிகம். குறுக்களவு பெரும்பாலும் 2 முதல் 10 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். 3 நானோமீட்டர் அளவுள்ள காட்மியம் செலினைடு படிகத்தை எண்ணினால் மொத்தமே 500 அணுக்கள் அளவில்தான் தேறும். மூலக்கூறு என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரிது, திடப்பொருள் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிது. இந்த இடைப்பட்ட நிலையில்தான் வேடிக்கை எல்லாம் நடக்கிறது.

குறைக்கடத்தி எப்படி ஒளிர்கிறது?

குறைக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் இரண்டு பட்டைகளாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்பட்டை நிரம்பியிருக்கும், மேல்பட்டை காலியாக இருக்கும். நடுவில் எலக்ட்ரான் நிற்கவே முடியாத ஓர் இடைவெளி உண்டு. நீல ஒளியோ புற ஊதா ஒளியோ பட்டால் ஓர் எலக்ட்ரான் கீழிருந்து மேலே தாவும். அது விட்டுப்போன இடம் 'துளை' எனப்படும். எலக்ட்ரான் மீண்டும் துளைக்குள் விழும்போது அந்த இடைவெளிக்கு உரிய ஆற்றலை ஒளியாக வெளியே விடுகிறது.

ஆக, நிறத்தைத் தீர்மானிப்பது இடைவெளியின் அகலம். அகலம் கூடினால் நீலத்தின் பக்கம், குறைந்தால் சிவப்பின் பக்கம். கணக்கு எளிது: 1240ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கிடைக்கும். 630 நானோமீட்டர் சிவப்புக்கு ஏறத்தாழ 1.97, 530 நானோமீட்டர் பச்சைக்கு 2.34, 450 நானோமீட்டர் நீலத்துக்கு 2.76.

அளவு மாறினால் நிறம் ஏன் மாற வேண்டும்? தங்கத்தை எவ்வளவு வெட்டினாலும் தங்க நிறம்தானே?

கண்ணுக்குத் தெரியும் அளவில் அப்படித்தான். காட்மியம் செலினைடு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடைவெளி 1.74 எலக்ட்ரான் வோல்ட். அதை இரண்டாக உடைத்தாலும் இருபதாக உடைத்தாலும் அதே 1.74தான், அதே கருமை படிந்த நிறம்தான். 10 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும்போதுதான் விதி மாறுகிறது.

எலக்ட்ரான் ஓர் அலையும்கூட. காட்மியம் செலினைடுக்குள் எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று சுற்றி இயல்பாகப் பரவி நிற்க ஒரு குறிப்பிட்ட இடம் தேவை. அதன் ஆரம் சுமார் 5.6 நானோமீட்டர். படிகம் அதைவிடச் சிறியதானால் அலையை நெருக்கி அடைக்க வேண்டியிருக்கிறது. வீணைத் தந்தியை நினைத்துப் பாருங்கள். தந்தி அதே தந்திதான், இழுவிசையும் அதேதான். மெட்டின் மேல் விரலை நகர்த்தி அதிரும் நீளத்தைக் குறைக்கக் குறைக்கச் சுருதி ஏறுகிறது. புள்ளியைச் சிறிதாக்கினால் ஒளியின் 'சுருதி' ஏறி நிறம் நீலத்தை நோக்கி நகர்வதும் அப்படித்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்கு. அடைபட்ட எலக்ட்ரானுக்கோ, அளவு பாதியானால் அடைப்பினால் வரும் கூடுதல் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால்தான் ஒரு நானோமீட்டர் கூடக்குறைய இருந்தாலே கண்ணுக்குத் தெரிகிற நிறமாற்றம் வருகிறது. காட்மியம் செலினைடில் 2 நானோமீட்டர் புள்ளி நீலம் கலந்த ஒளி தரும், 2.5க்கு மேல் பச்சை, 4 அளவில் ஆரஞ்சு, 6ஐ நெருங்கும்போது நல்ல சிவப்பு. வேதிப்பொருள் ஒன்றே. ஒரு சாயத்தின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் மூலக்கூறையே மாற்றியாக வேண்டும். இங்கே அடுப்பில் வைத்திருக்கும் நேரத்தை மாற்றினால் போதும். முதல்முறை இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

இதைக் கண்டுபிடித்தது யார்?

2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது: அலெக்ஸி எகிமோவ், லூயி புரூஸ், மௌங்கி பவெண்டி. மூவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள் அல்லர்.

எகிமோவ் சோவியத் ஒன்றியத்தில், லெனின்கிராடில் இருந்த வாவிலோவ் அரசு ஒளியியல் நிறுவனத்தில் வண்ணக் கண்ணாடிகளை ஆராய்ந்தவர். தாமிர குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை, 1 மணி நேரம் முதல் 96 மணி நேரம் வரை சூடாக்கிப் பார்த்தார். கண்ணாடிக்குள் வளர்ந்த படிகங்கள் சில 2 நானோமீட்டர், சில 30 நானோமீட்டர். படிகம் சிறியதாக இருந்தபோது அது உறிஞ்சும் ஒளி நீலத்தின் பக்கம் நகர்ந்திருந்தது. 1981இல் ஒரு சோவியத் ஆய்விதழில் இதை வெளியிட்டார். அந்த இதழ் மேற்கு நாடுகளில் அதிகம் படிக்கப்படவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூஸ் காட்மியம் சல்பைடுத் துகள்களைக் கரைசலில் வைத்து வேறு ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். சூரிய ஒளியால் வேதிவினைகளை நடத்த முடியுமா என்பது அவர் கேள்வி. மேசைமேல் விட்டுவைத்த கரைசலின் ஒளியியல் பண்பு மாறியிருப்பதைக் கவனித்தார். துகள்கள் தாமாகவே வளர்ந்திருக்கின்றன என்று ஊகித்தார். புதிதாகச் செய்த துகள் 4.5 நானோமீட்டர், பழையது 12.5 நானோமீட்டர். 1983இல் அவர் இதை வெளியிட்டபோது எகிமோவின் வேலை அவருக்குத் தெரியாது. பழசாகிப்போன கரைசல் என்று கொட்டிவிடாமல் அளந்து பார்த்ததுதான் அங்கே திருப்புமுனை.

பவெண்டி, புரூஸிடம் பயிற்சி பெற்று, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1993இல் அவர் குழு வெளியிட்ட தயாரிப்பு முறையால்தான் மற்ற ஆய்வகங்களும் நல்ல தரத்தில், ஒரே அளவில் புள்ளிகளைச் செய்ய முடிந்தது.

பழைய தேவாலயங்களின் சிவப்புக் கண்ணாடியும் இதுதானா?

இரண்டு வகை உண்டு. தங்கத் துகள் கலந்த சிவப்புக் கண்ணாடி குவாண்டம் புள்ளி அல்ல. உலோகத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் கூட்டாக ஊசலாடுவதால் வரும் நிறம் அது. காட்மியம் சல்பைடு, செலினைடு கலந்த மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகள் குறைக்கடத்திச் சங்கதி. எகிமோவின் ஆர்வம் தொடங்கியதும் அப்படிப்பட்ட கண்ணாடிகளில்தான்.

ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். மூன்று கழுத்துள்ள கண்ணாடிக் குடுவை. ஒரு கழுத்தில் வெப்பமானி, ஒன்றில் ஆர்கான் வாயு, நடுவில் குளிர்விக்கும் குழாய். குடுவைக்குள் காட்மியம் ஆக்சைடும் ஒலியிக் அமிலமும் எளிதில் கொதிக்காத ஒரு கரைப்பானும். சூடாக்கினால் செம்பழுப்பாக இருந்த கலவை மெல்லத் தெளிந்து நீர்போல நிறமற்றதாகும். 300 டிகிரியை எட்டியதும், தனியே கரைத்து வைத்த செலினியத்தைச் சிரிஞ்சில் எடுத்து ஒரே வீச்சில் உள்ளே செலுத்த வேண்டும்.

அதற்குப் பிறகு கண் சிமிட்டக்கூட மனம் வராது. சில நொடிகளில் வெளிர் மஞ்சள். அப்புறம் அடர் மஞ்சள், ஆரஞ்சு, சில நிமிடங்களில் சிவப்பு. நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துச் சிறு குப்பிகளில் விட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினால் வரிசையாக நீலப்பச்சை, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. எல்லாம் ஒரே குடுவையிலிருந்து எடுத்தவை.

ஒரே வீச்சில் செலுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நாளில் விட்ட நாற்றுதான் ஒரே உயரத்தில் நிற்கும். செலினியம் சட்டென்று வந்ததும் எல்லாப் படிகக் கருக்களும் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. குளிர்ந்த திரவம் சேர்ந்ததால் வெப்பநிலை இறங்கி, புதிய கருக்கள் பிறப்பது நின்றுவிடுகிறது. பிறந்தவை மட்டும் சேர்ந்து வளர்கின்றன. இதுதான் பவெண்டி குழுவின் வழி. அவர்கள் பயன்படுத்திய டைமெத்தில் காட்மியம் காற்றில் பட்டாலே ஆபத்தான பொருள். 2001இல் அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஷியாவ்காங் பெங்கின் குழு அதற்குப் பதிலாகக் காட்மியம் ஆக்சைடு போதும் என்று காட்டியது. எங்களைப் போன்ற சிறிய ஆய்வகங்களுக்குக் கதவு திறந்தது அதன் பிறகுதான்.

அளவைச் சரியாகச் செய்துவிட்டால் நன்றாக ஒளிருமா?

ஒளிராது. எல்லோரும் அளவைப் பற்றியே பேசுகிறார்கள், மேற்பரப்பை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உண்மையான உழைப்பு மேற்பரப்பில்தான் இருக்கிறது.

3 நானோமீட்டர் புள்ளியில் ஏறத்தாழ பாதி அணுக்கள் விளிம்பில் நிற்கின்றன. உள்ளே இருக்கும் அணுவுக்கு நாலாபக்கமும் பிணைப்பு உண்டு. விளிம்பு அணுவுக்கு ஒரு பக்கம் கை நீட்டியபடி இருக்கும், பிடிக்க ஆளில்லை. அப்படி நிறைவேறாத பிணைப்புகள் எலக்ட்ரானையோ துளையையோ பொறிபோலப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆற்றல் வெப்பமாகப் போய்விடும், ஒளி வராது. 'லிகண்ட்' என்று நாங்கள் சொல்லும் நீண்ட வால் மூலக்கூறுகள் (மேலே சொன்ன ஒலியிக் அமிலம் போன்றவை) அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்கின்றன. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பதும் அவையே.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வினை முடிந்ததும் எத்தனால் ஊற்றிப் புள்ளிகளைப் படியவைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மறுபடி டொலுயீனில் கரைப்பது வழக்கம். மீதியிருக்கும் கழிவை நீக்கும் வேலை அது. சுத்தமாக இருக்கட்டும் என்று ஒருமுறை நான்கு தடவை கழுவினேன். நான்காவது கழுவலுக்குப் பிறகு குப்பி பகல் வெளிச்சத்தில் அதே ஆரஞ்சாகத்தான் இருந்தது. புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒளி இல்லை, மங்கிய தணல் மாதிரி ஒரு சாயல் மட்டும். அளவு மாறவில்லை, படிகம் கெடவில்லை. லிகண்டுகளைக் கழுவி விட்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு வார உழைப்பு போயிற்று.

இதற்கு நிலையான தீர்வு ஓடு. காட்மியம் செலினைடு கருவின் மேல் துத்தநாக சல்பைடை ஒரு மெல்லிய ஓடாக வளர்த்துவிடுகிறார்கள். ஓட்டின் ஆற்றல் இடைவெளி மிக அகலம், சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானும் துளையும் அதைத் தாண்டி விளிம்புக்கு வர முடியாமல் கருவுக்குள்ளேயே சந்தித்து ஒளியாக வேண்டியதுதான். 1993இல் உறிஞ்சிய ஒளித்துகள் பத்தில் சுமார் ஒன்றுதான் ஒளியாகத் திரும்பியது. 1996இல் மார்கரெட் ஹைன்ஸும் பிலிப் குயோ-சியோனெஸ்ட்டும் ஓடு போட்டு அதைப் பாதியாக உயர்த்தினார்கள். இன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் சாதாரணம்.

கடையில் 'க்யூஎல்இடி' டிவி என்கிறார்களே, அதில் புள்ளிகள்தான் ஒளிர்கின்றனவா?

ஒளிர்கின்றன. ஆனால் பெயரைப் பார்த்து நினைப்பது மாதிரி அல்ல. அந்தப் பெயரில் விற்பவை எல்சிடி டிவிகள். பின்னால் நீல எல்இடிகள் வரிசையாக இருக்கும், அலைநீளம் 450 நானோமீட்டர் பக்கம். அவற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் படலம். பச்சைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் பிசினில் கலந்து அதற்குள் பரப்பப்பட்டிருக்கும். நீல ஒளியில் ஒரு பங்கைப் புள்ளிகள் வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகின்றன, மீதி நீலம் அப்படியே கடந்து வருகிறது. மூன்றும் சேர்ந்து வெள்ளை. அதன் பிறகு வழக்கமான எல்சிடி பலகையும் நிற வடிகட்டிகளும்.

சாதாரண எல்இடி டிவியில் நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் (நீலத்தை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பொடி) பூச்சு இருக்கும். அந்த மஞ்சள், பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமாகப் பரவிய ஒளி. அதிலிருந்து தூய சிவப்பை வடிகட்டி எடுப்பது கடினம். காட்மியம் செலினைடுப் புள்ளியின் ஒளியோ 20 முதல் 30 நானோமீட்டர் அகலமுள்ள ஒல்லியான கோடு. செம்பருத்திச் சிவப்பும் கிளிப்பச்சையும் திரையில் அப்படியே தெரிவது அதனால்தான்.

2013இல் சோனி இப்படிப்பட்ட டிவிகளை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2015இல் சாம்சங் காட்மியம் இல்லாத புள்ளிகளோடு வந்தது. 2022இல் வந்த 'க்யூடி-ஓஎல்இடி' வேறு வகை. அதில் நீல ஓஎல்இடியின் (தானே ஒளிரும் கரிமப் படலம்) மேல் ஒவ்வொரு படக்கூறிலும் தனித்தனியே சிவப்பு, பச்சைப் புள்ளிகளை அச்சிட்டிருக்கிறார்கள். பின்விளக்கும் இல்லை, எல்சிடி பலகையும் இல்லை. கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். வாங்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், விலையிலும் வித்தியாசம் உண்டு.

அந்தப் படலம் நாளடைவில் மங்குமா?

ஆக்சிஜனும் ஈரப்பதமும் புள்ளிகளுக்கு எதிரி, வெப்பமும் அப்படியே. ஆகவேதான் இருபுறமும் காற்றுப் புகாத தடுப்புப் படலம் ஒட்டி, எல்இடியிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்த டிவியில் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

காட்மியம் நஞ்சாயிற்றே?

நஞ்சுதான், சிறுநீரகத்தில் தங்கிச் சேதம் செய்யும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மின்னணுப் பொருட்களில் காட்மியம் எடையில் 0.01 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் இண்டியம் பாஸ்பைடுக்கு மாறின. உங்கள் டிவி எதுவானாலும், புள்ளிகள் படலத்துக்குள் அடைபட்டிருப்பதால் பார்ப்பவருக்கு ஆபத்தில்லை. பழைய டிவியை உடைத்து எரிப்பதுதான் ஆபத்து. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

இண்டியம் பாஸ்பைடு அதே அளவுக்கு நல்லதா?

நெருங்கிவிட்டது, ஆனால் சுலபமாக நெருங்கவில்லை. இண்டியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் இடையிலான பிணைப்பு வலுவானது, மூலப்பொருட்கள் வேகமாக வினைபுரிந்து தீர்ந்துவிடும். நாற்று ஒரே உயரத்தில் நிற்பது இங்கே கடினம். ஒளிக்கோடும் 35 முதல் 45 நானோமீட்டர் வரை அகலப்பட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு மேற்பரப்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். 2019இல் சாம்சங் ஆய்வாளர்கள் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அந்த ஆக்சைடை அரித்து நீக்கி, மேலே துத்தநாக செலினைடும் துத்தநாக சல்பைடும் அடுத்தடுத்து ஓடாகப் போட்டு மிக நல்ல சிவப்புப் புள்ளிகளைச் செய்து காட்டினார்கள். மறுபடியும் மேற்பரப்புதான்.

பெரோவ்ஸ்கைட் புள்ளிகள் என்கிறார்களே?

2015இல் ஜூரிக்கில் மக்சிம் கோவலென்கோவின் குழு, பெரோவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்பு கொண்ட சீசியம் ஈய ஹாலைடுப் புள்ளிகளைக் கொண்டுவந்தது. இவற்றில் நிறத்தை அளவைவிட எளிதாக உப்பை மாற்றியே மாற்றலாம்: குளோரைடு என்றால் நீலம், புரோமைடு என்றால் பச்சை, அயோடைடு என்றால் சிவப்பு. மேற்பரப்புக் குறைகளையும் ஓரளவு பொறுத்துக்கொண்டு, ஓடு இல்லாமலேயே பிரகாசமாக ஒளிரும். அந்தப் பச்சையின் தூய்மைக்கு ஈடு சொல்வது கடினம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடுவதும் உள்ளே ஈயம் இருப்பதும் பெரிய குறைகள்.

நீல எல்இடி இல்லாமல், மின்சாரத்தாலேயே நேராகப் புள்ளிகளை ஒளிரச் செய்ய முடியாதா?

முடியும். 'க்யூஎல்இடி' என்ற சொல்லை ஆய்வாளர்கள் முதலில் பயன்படுத்தியது இதற்குத்தான். ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான், மறுபக்கமிருந்து துளை, நடுவில் சில அடுக்குப் புள்ளிகள். 1994இல் அமெரிக்க வேதியியலாளர் பால் அலிவிசாட்டோஸின் குழு முதன்முதலில் இப்படி ஒரு சாதனத்தைச் செய்தது, மங்கலாகத்தான் எரிந்தது. மேலே சொன்ன 2019 சிவப்புப் புள்ளிகளால் செய்த சாதனத்தில், செலுத்திய 100 எலக்ட்ரான்களுக்கு 21 ஒளித்துகள்கள் வெளியே வந்தன. குறைவாகத் தெரியும். ஆனால் உள்ளே உண்டாகும் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் மற்ற அடுக்குகளுக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது. தட்டையான சாதனத்துக்கு இது எல்லையை ஒட்டிய அளவு.

தடை நீலத்தில். நீலப் புள்ளியின் இடைவெளி அகலமானது, துளைகளை அதற்குள் தள்ளுவது சிரமம். எலக்ட்ரான் மட்டும் அதிகமாகச் சேர்ந்துவிட்டால், அடுத்து உண்டாகும் ஆற்றலை அந்த உபரி எலக்ட்ரான் வாங்கிக்கொள்ளும். ஒளி போய் வெப்பம் மிஞ்சும், புள்ளியும் கெடும். 2020இல் துத்தநாகம், டெல்லூரியம், செலினியம் கலந்த நீலப் புள்ளிகளில், மேலே சொன்ன அதே கணக்கில், 20 சதவீதத்தை எட்டிவிட்டார்கள். பிரகாசம் இப்போது தடையல்ல, ஆயுள்தான் தடை. சிவப்போடும் பச்சையோடும் நீலம் சரிசமமாக நீடித்தால்தான் ஒரு திரையைச் செய்ய முடியும்.

வீட்டிலேயே இதைப் பார்க்க முடியுமா?

குவாண்டம் புள்ளிகளை வீட்டில் செய்ய முயலாதீர்கள். ஒளிர்தலை மட்டும் பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் சானிடைசர் விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கரைத்து, இருட்டறையில் ரூபாய்நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சைக் காட்டுங்கள். பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். குறைந்த அலைநீளத்தில் வாங்கிக் கூடிய அலைநீளத்தில் தருவது இரண்டுக்கும் பொது. பிறகு அதே மஞ்சளை இன்னும் நைசாக அரைத்து மறுபடி பாருங்கள். நிறம் துளியும் மாறாது, ஏனென்றால் அது மூலக்கூறின் நிறம். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே மட்டும் பிடிக்காதீர்கள்.